மரச் சுவருக்கு கிளியர் பூச்சு: கோளாறைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது எப்படி

வரவேற்பறையில் ஒரு சுவர் முழுக்கத் தேக்கு வெனீர் (மெல்லிய மரத் தகடு) ஒட்டுகிறோம். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் நான்கு சுவருக்கும் பைன் பலகை அடிக்கிறார்கள். அப்புறம் பெயின்ட் கடைக்குப் போய் "மரத்தின் ரேகை தெரியணும், நிறம் மாறக் கூடாது, நல்லதா ஒண்ணு கொடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் கிடைப்பது கடையிலேயே விலை கூடின பியூ (பாலியூரிதேன்) டின். அது நல்ல சரக்குதான். ஆனால் தரைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் வேண்டிய உறுதி அது. சுவரை யாரும் மிதிப்பதில்லை, சூடான பாத்திரத்தை வைப்பதில்லை. வெளிச்சம், பின்னாலிருந்து வரும் ஓதம், மரத்துக்குள் இருக்கும் எண்ணெயும் பிசினும், மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும் பலகை, இவைதான் சுவர்ப் பூச்சைக் கெடுக்கின்றன. ஆகவே சுவருக்குப் பூச்சு வாங்கும்போது "எவ்வளவு கெட்டி" என்பதைவிட "நாளைக்கு ஒரு இடத்தில் கெட்டால் அந்த இடத்தை மட்டும் சரி செய்ய முடியுமா" என்று பாருங்கள். நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஏற்கெனவே பூசிய சுவரில் கோளாறு வந்தவர்களுக்கும், இனி பூசப் போகிறவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். உங்கள் சுவரில் தெரிவது எதுவோ அந்தப் பகுதியிலிருந்து படிக்கலாம்.

எதையும் தொடுவதற்கு முன்: மேலே இருப்பது என்ன?

பழைய பூச்சு என்னவென்று தெரியாமல் அதன் மேல் புதியதைப் பூசக் கூடாது. கண்ணில் படாத மூலையில், சோபாவுக்குப் பின்னாலோ அலமாரி ஓரத்திலோ, பஞ்சில் ஒரு சொட்டு பாலிஷ் ஸ்பிரிட் நனைத்து வையுங்கள். அரை நிமிடத்தில் பிசுபிசுத்தால் அது அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையவில்லை, ஆனால் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னரில் கரைகிறது என்றால் லாக்கர். தின்னரில் கரையாமல் சுருங்கி மேலெழுந்தால் பெரும்பாலும் எண்ணெய் வார்னிஷ். எதற்குமே அசையவில்லை என்றால் மெலமைனோ, பூச்சு ஒரு டின்னும் அதை இறுக வைக்கும் ஹார்ட்னர் ஒரு டின்னுமாக இரண்டு டின் கலந்து அடித்த பியூவோ ஆக இருக்கும். தண்ணீர் சார்ந்த பூச்சு இதில் கொஞ்சம் குழப்பும், தின்னரில் லேசாக மென்மையாகும், ஆனால் கரைந்து ஓடாது.

கூடவே பிடிமானத்தையும் பார்த்துவிடுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிய கட்டங்கள் கீறி, அதன் மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். டேப்போடு செதில் வந்தால் அந்தப் பூச்சின் மேல் வேறெதைப் பூசினாலும் அதுவும் சேர்ந்தே வரும். அங்கே சுரண்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நிறம் மாறிவிட்டது, மஞ்சளடிக்கிறது

அதிகம் கேட்கும் குறை இதுதான். இதில் இரண்டு காரணங்கள் கலந்து கிடக்கும், அவற்றைப் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றிப் பாருங்கள்.

படத்துக்குப் பின்னால் இருந்த மரம் வெளிறியும், சுற்றியுள்ளது அடர்த்தியாகவும் இருந்தால் மாறியிருப்பது மரம். மரத்தின் நாரைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் வெளிச்சத்தில் வேதிமாற்றம் அடையும். பைன் பலகை நாள்பட ஆரஞ்சு கலந்த மஞ்சளாவது இதனால்தான். புதிதாக இழைத்த தேக்கில் பச்சையும் கருமையுமாகத் தெரியும் கோடுகள் வெளிச்சம் பட்டுப் பட்டுப் பொன்னிறமாக ஒன்று கூடுவதும் இதே காரணத்தால். படாக் மரத்தின் சிவப்பு பழுப்பாக மங்கும். வால்நட்டோ எதிர்த்திசையில் போய் வெளிறும். எந்தக் கிளியர் பூச்சும் இதை நிறுத்தாது. புற ஊதாக் கதிரை உறிஞ்சும் சரக்கு சேர்த்த பூச்சு வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மேற்கு வெயில் நேராக விழும் சுவருக்கு நல்ல திரைச்சீலை அதைவிட அதிகம் உதவும். படம் இருந்த வெளிர் கட்டத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். சில மாதம் திறந்து வைத்தால் அதுவே சுற்றிலுமுள்ள நிறத்துக்கு வந்துவிடும்.

மாறாக, படத்துக்குப் பின்னால்தான் மஞ்சள் கூடுதலாக இருக்கிறதா? அப்படியானால் குற்றம் பூச்சின் மேல். எண்ணெய் சார்ந்த வார்னிஷும், எண்ணெய் கலந்த பியூவும் இருட்டில் இன்னும் வேகமாக மஞ்சளாகும். வெளிர் மரத்தில் அது உடனே தெரியும், தேக்கில் அவ்வளவாகத் தெரியாது. பைன், மேப்பிள், ஆஷ் போன்ற வெள்ளை மரத்தை வெள்ளையாகவே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் தண்ணீர் சார்ந்த அக்ரிலிக் அல்லது அக்ரிலிக்–பியூ கலப்பு வாங்குங்கள். இரண்டு டின் கலக்கும் பியூதான் வேண்டுமென்றால் "மஞ்சளாகாத வகையா" என்று கேட்டு வாங்குங்கள். ஹார்ட்னர் அலிபாட்டிக் வகையாக இருந்தால் மஞ்சளாகாது, அரோமாட்டிக் வகை மஞ்சளாகும். விலை குறைந்த டின்களில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை.

தண்ணீர் சார்ந்த பூச்சைத் தேக்கில் அடித்துவிட்டு "மரம் செத்துப் போன மாதிரி இருக்கு" என்று வருந்துகிறவர்களும் உண்டு. அது ரேகைக்குள் எண்ணெய் போல் ஊறாமல் மேலேயே நிற்பதால் வரும் வெளிறல். முதலில் மெழுகு நீக்கிய அரக்கை மெல்லிசாக ஒரு கோட்டு கொடுத்து, காய்ந்ததும் மேலே தண்ணீர் சார்ந்த பூச்சைக் கொடுத்தால் தேக்கின் சூடு திரும்பிவிடும்.

புகை படிந்தது போல் வெள்ளையாக மங்கியிருக்கிறது

பூசிய அன்றே இப்படி ஆனதா, பல மாதம் கழித்தா என்பதுதான் முதல் கேள்வி.

அன்றே ஆகியிருந்தால், அதுவும் ஐப்பசி கார்த்திகையில் சென்னையிலோ கடலூரிலோ லாக்கர் அடித்திருந்தால், காரணம் காற்றின் ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும் நாளில் இது நடக்கத்தான் செய்யும். அனுபவமுள்ள பாலிஷ்காரர் "சார், மழை விடட்டும்" என்று சொன்னால் அவரை அவசரப்படுத்தாதீர்கள். கட்டாயம் செய்தே ஆக வேண்டுமென்றால் மெதுவாக ஆவியாகும் தின்னர் அல்லது காய்வதைத் தாமதமாக்கும் ரிடார்டர் சேர்க்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே வெளுத்த சுவருக்கு, வெயில் வந்த நாளில் ரிடார்டர் கலந்த தின்னரை மென்மையாக ஒரு தூவல் தூவினால் லாக்கர் மறுபடி இளகி, மாட்டிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். அரக்குக்கு ஸ்பிரிட் நனைத்த துணியால் லேசாக ஒரு வீச்சு போதும். பியூவிலும் மெலமைனிலும் இந்த வழி கிடையாது. தேய்த்துவிட்டுத்தான் மறுபடி பூச வேண்டும். பழுது பார்க்க முடிகிற பூச்சு என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

பல மாதம் கழித்து, குறிப்பாகச் சுவரின் கீழ்ப்பாதியில் வெள்ளை வந்தால் அது வேறு விஷயம். அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

கீழே உரிகிறது, வெளுக்கிறது, பூஞ்சணம் பிடிக்கிறது

பூச்சை மாற்றி மாற்றி அடித்துப் பணத்தைக் கரைப்பது இந்த இடத்தில்தான். முக்கால்வாசி நேரம் பூச்சின் மேல் தப்பே இருக்காது. பின்னால் இருக்கும் செங்கல் சுவர் ஈரமாக இருக்கும்.

பலகை அடிக்காத பக்கச் சுவரில், அதே உயரத்தில், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் டேப் போட்டு ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க விட்டுப் பாருங்கள். தாளின் உட்பக்கம், சுவரைத் தொடும் பக்கம், முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஓதம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. மலைப்பகுதி வீடுகளில் இரண்டாவது அதிகம். சமவெளியில் பெரும்பாலும் முதலாவது: குளியலறைக் குழாய்க் கசிவு, அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஓதம், சன்ஷேடில் விரிசல்.

கசிவை அடைக்காமல் எந்தப் பூச்சு போட்டாலும் பயனில்லை. கெட்டியான பியூ போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். பின்னாலிருந்து பலகைக்குள் ஏறிய ஈரம் முன்னால் வெளியேற வழியில்லாமல் பூச்சைத் தள்ளும், செதில் செதிலாக உரியும். கசிவை நிறுத்தி, சுவர் காய்ந்த பிறகு, பலகையை நேராகச் சுவரில் ஒட்டாமல் கரையான் மருந்து போட்ட ரீப்பர் கட்டையில் அடியுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே ஒரு அங்குலம் காற்றோட்டம் இருக்கட்டும். தரையிலிருந்து பலகை ஒரு சென்டிமீட்டராவது மேலே நிற்க வேண்டும். மேலேயும் காற்று வெளியேற இடம் விடுங்கள். ஸ்கர்ட்டிங்கை இறுக்கி சிலிகானால் அடைத்துவிட்டால் இந்த ஏற்பாடு மொத்தமும் வீண்.

இன்னொன்று, பலகையின் முதுகு. முன்பக்கம் மூன்று கோட்டு அடித்து முதுகை அப்படியே விட்டால், முதுகு மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். மாட்டுவதற்கு முன்னால் முதுகுக்கும் குறைந்தது ஒரு கோட்டு கொடுக்கச் சொல்லுங்கள். ஆசாரி "யாரு சார் பார்க்கப் போறாங்க" என்பார். பார்ப்பதற்காக அல்ல என்று அன்போடு சொல்லி அடிக்க வையுங்கள்.

ஓதம் எதுவும் இல்லை, சுவர் நடுவிலேயே உரிகிறது என்றால் கோட்டுகளுக்கு இடையில் பிடிப்பு இல்லை. லாக்கருக்கான சாண்டிங் சீலரை (தேய்த்துச் சமமாக்கும் அடிப்பூச்சு) அடியில் போட்டு மேலே பியூ அடித்தால் இப்படி ஆகும். அந்த சீலரில் எளிதாகத் தேய்படுவதற்காகச் சோப்பு போன்ற பொருள் சேர்த்திருப்பார்கள், பியூ அதன் மேல் நன்றாகப் பிடிக்காது. பியூவுக்கு பியூ சீலர்தான். பழைய மெழுகு பாலிஷின் மேல் பூசினாலும் இதே கதை.

கருப்புத் திட்டுகள்

ஆணித் தலையைச் சுற்றி மை சிந்தியது போல் கருநீலம் இருந்தால் அது பூஞ்சணம் அல்ல. தேக்கு, ஓக் போன்றவற்றிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் ஈரத்தில் இரும்போடு சேர்ந்து கறுத்திருக்கிறது. கறை உள்ள இடத்தில் பூச்சை எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் வெந்நீரில் 50 முதல் 100 கிராம் வரை ஆக்ஸாலிக் ஆசிட் கரைத்துத் தடவினால் கண்ணெதிரே வெளுக்கும். நச்சுப் பொருள், கையுறை கட்டாயம், குழந்தைகள் பக்கத்தில் வேண்டாம். பிறகு தண்ணீரால் நன்றாகத் துடைத்து எடுங்கள். காய்ந்ததும் அந்த இடத்தைத் தேய்க்கும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. இரும்பு ஆணிக்குப் பதில் பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்குரூ போடுங்கள்.

ஆணியில்லாத இடத்தில், புள்ளி புள்ளியாக, தொட்டால் தூளாக வந்தால் பூஞ்சணம். ஆக்ஸாலிக் அதற்கு வேலை செய்யாது. ஓதப் பகுதியில் சொன்னதைச் செய்துவிட்டுத்தான் மேற்பரப்பைத் தேய்த்துப் புதிதாகப் பூச வேண்டும்.

சுவர் முழுக்கப் பொடிப் பொடியாகத் துருப்புள்ளி தெரிகிறதா? இரும்பு நூலால் தேய்த்துவிட்டுத் தண்ணீர் சார்ந்த பூச்சை அடித்திருக்கிறார்கள். அந்தப் பூச்சுக்கு உப்புத்தாள் மட்டுமே.

நாள் கணக்கில் ஒட்டுகிறது, காயவில்லை

இரண்டு டின் பியூவாக இருந்தால் ஹார்ட்னர் அளவு தவறியிருக்கும். இல்லையென்றால் திறந்து வைத்த ஹார்ட்னர் காற்றின் ஈரத்தைக் குடித்துக் கெட்டிருக்கும். குறைவான ஹார்ட்னரோடு அடித்தது காத்திருந்தாலும் இறுகாது. தின்னரால் துடைத்துச் சுரண்டி எடுங்கள். "கண்ணளவா ஊத்திக்கலாம்" என்கிற கையிடம் பியூவைக் கொடுக்காதீர்கள். டின்னில் போட்ட விகிதத்தை அளவு குவளையில் அளந்தே கலக்க வேண்டும்.

எண்ணெய் வார்னிஷ் தேக்கிலும் ஈட்டி மரத்திலும் ஒட்டிக்கொண்டே இருந்தால் மரத்தின் எண்ணெய்ச் சத்து காரணம். அதிலுள்ள சில பொருட்கள் வார்னிஷ் இறுகுவதையே தடுக்கும். பூசுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் அல்லது தின்னரால் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கை ஒரு கோட்டு கொடுத்தால் பிரச்சினை தீரும். பைன் கணுவில் பிசின் கசிவதற்கும் முதல் மருந்து அதே அரக்குதான். ஒரு கிலோ அரக்குச் செதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மரச் சுவர் வேலையில் இவ்வளவு இடத்தில் கைகொடுக்கும் சரக்கு வேறு இல்லை. மெழுகு நீக்கியதா என்று கேட்டு வாங்க வேண்டும். சாதாரண அரக்கிலுள்ள மெழுகின் மேல் பியூ பிடிக்காது.

பலகை சேரும் இடத்தில் வெளிர் கோடு

நாக்கும் காடியுமாகச் சேர்த்த பலகையில், கோடை வந்ததும் சேர்மானத்தில் பூச்சுப் படாத மரம் தெரியும். நான்கு அங்குலப் பலகையின் ஈரம் 12 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால் பைன் சுமார் ஒரு மில்லிமீட்டர் சுருங்கும். ஏ.சி. ஓடும் அறையில் இது சாதாரணம். மாட்டிய பிறகு பூசினால் நாக்குக்குப் பூச்சு எட்டாது. மாட்டுவதற்கு முன்பே நாக்கு உட்பட முழுப் பலகைக்கும் முதல் கோட்டைக் கொடுத்துவிட்டால் கோடு தெரியாது. சுருக்கத்தை எந்தப் பூச்சாலும் தடுக்க முடியாது. பலகையை அந்த அறையிலேயே ஒரு வாரம் பத்து நாள் அடுக்கி வைத்துப் பழக்கிவிட்டு அடிப்பது நல்லது.

குழி, குமிழ், சொரசொரப்பு

பூசும்போதே சின்னச் சின்ன வட்டமாகப் பூச்சு விலகிக் குழி விழுந்தால் காரணம் மரத்தில் படிந்த சிலிகான். பளபளப்புக்கு அடிக்கும் ஸ்பிரே பாலிஷில் அது இருக்கும். டர்பன்டைனில் நனைத்த பனியன் வேஸ்ட்டால், துணியை மாற்றி மாற்றி, துடைத்தெடுத்து, இங்கேயும் ஒரு கோட்டு அரக்கு. குமிழ் வந்தால் கோட்டு தடிமன், அல்லது வெயில் பட்டுச் சூடான சுவர், அல்லது டின்னைக் குலுக்கியது. தண்ணீர் சார்ந்த பூச்சின் முதல் கோட்டுக்குப் பிறகு மரம் சொரசொரப்பாவது இயல்பு, நார் நிமிர்ந்திருக்கிறது. 320 நம்பர் உப்புத்தாளால் மெல்லத் தடவி அடுத்த கோட்டைக் கொடுங்கள்.

மேட் (பளபளப்பில்லாத) பூச்சு திட்டுத் திட்டாகத் தெரிந்தால் டின்னின் அடியில் தங்கிய மேட் பொடியைக் கலக்காமல் அடித்திருக்கிறார்கள். மேட்டையே நான்கு கோட்டு அடித்தால் ரேகையும் மங்கும். கீழே கிளாஸி (பளபளப்பு), கடைசிக் கோட்டு மட்டும் மேட்.

பலகைக்குக் கீழே மாவு கொட்டுகிறது

ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஓட்டையும், அதன் கீழே மைதா போல் நைசான தூளும் இருந்தால் மரம் உளுக்கிறது. ரப்பர் மரத்திலும், மற்ற மரங்களின் வெள்ளைப் பகுதியிலும் உள்ள மாவுச்சத்தைத் தேடி மரத்தைத் துளைக்கும் வண்டு வரும். தூளைத் துடைத்து, கீழே வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். மறுபடி கொட்டினால் உள்ளே உயிரோடு இருக்கிறது. போரான் மருந்து பூச்சில்லாத மரத்தில்தான் ஊறும், ஆகவே முதலில் பூச்சை எடுக்க வேண்டும். நல்ல மரத்தில் துளைகள் அடைபடும்படி பூசிய எந்தக் கிளியர் பூச்சும் வண்டு முட்டையிட இடம் தராது. இந்த வகையில் முதுகுக் கோட்டும் உதவுகிறது.

சரி, எதை வாங்குவது?

வரவேற்பறை, படுக்கையறை என்றால் ஒரே டின்னில் வரும் தண்ணீர் சார்ந்த பூச்சைத்தான் நான் சொல்வேன். வாடை குறைவு, மஞ்சளாகாது, கீறல் விழுந்தால் அந்தப் பலகையை மட்டும் தேய்த்துப் பூசலாம். பழைய தேக்குச் சுவரில் ஏற்கெனவே அரக்கு பாலிஷ் இருந்தால் அதை எடுக்காதீர்கள். அழுக்கைத் துடைத்து, அரக்கையே மறுபடி கொடுத்தால் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். சமையலறையை ஒட்டிய சுவர், விளக்குப் புகையும் எண்ணெயும் படும் பூஜை மாடம், கைப்பிடிச் சுவர், இந்த இடங்களுக்கு மட்டும் இரண்டு டின் பியூ தகும். அதை ஸ்பிரே அடிக்கும்போது ஹார்ட்னரிலுள்ள ஐசோசயனேட் மூச்சுக்குழாயைக் கெடுக்கும், ஆஸ்துமா வரவழைக்கும். துணி மாஸ்க் அதைத் தடுக்காது. அடிக்கிறவருக்கு உரிய முகக் கவசம் வாங்கிக் கொடுங்கள், வீட்டார் அந்த நாட்களில் வேறு இடத்தில் தங்குங்கள்.

ஆளி விதை எண்ணெய் போன்ற எண்ணெய்ப் பூச்சு பைன் சுவரில் அழகாக இருக்கும், வேலையும் சுலபம். ஆனால் துடைத்த துணியை உருண்டையாகச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். எண்ணெய் இறுகும்போது சூடு கிளம்பி, தீப்பெட்டி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு துணியையும் வெளியே கொடியில் விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த வாளியில் முழுக்கி வையுங்கள்.